சேவியர் அண்ணையின் பெயரில் ஓடிய பைக்

இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் பதிந்தன. குதிக்காலும் சேர்த்து.

வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கை. மழை ஓய்ந்த காலை. ஒரு வீட்டு கேற்றுக்குள், செருப்பு றாக்கைக்கும் தண்ணீர் மோட்டருக்கும் நடுவில் அந்த பைக் நின்றது. இருக்கை ஈரம். துடைக்கப் பொறுமையில்லாமல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். சட்டை நனைந்து குளிர்ந்தது. பரவாயில்லை.

என் உயரம் நாலடி பத்து அங்குலம். சாதாரண மோட்டார் சைக்கிளில் இருந்தால் நான் மதிலில் ஏற்றிவிட்ட பூனை மாதிரி. இது குரூசர். இருக்கை தாழ்ந்து கிடக்கும். கைபிடி அகலமாக நம்மைப் பார்த்து வளைந்து வரும். கால்களை முன்னால் நீட்டி, சாய்மனைக் கதிரையில் இருப்பதுபோல இருந்து ஓடலாம். ஜப்பான்காரன் செய்த இருநூற்றைம்பது சீசீ. வயது இருபதுக்கு மேல்.

"அக்கா, பைக் யாருக்கு? அண்ணனுக்கா?" என்று கேட்டான் ரிஸ்வான். பைக் அவனுடையது. காலி வீதியில் வாப்பாவோடு புடவைக் கடை வைத்திருந்தான்.

"எனக்கு."

"ஆ." கொஞ்சம் யோசித்தான். "ஓட்டுறது நீங்களா?"

"பின்னால குந்திக்கொண்டு போக ஆரும் பைக் வாங்குவினமோ, தம்பி?"

அவன் சிரித்தான். எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

மண்ணெண்ணெய்

இந்தத் தொடரின் போன வாரத்து அத்தியாயத்தைப் படித்த ஒரு வாசகி, "நீங்கள் பைக் ஓட்டப் பழகியது எங்கே?" என்று கேட்டிருந்தார். சொல்லிவிடுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பள்ளிக்கூடம் ஒரு பக்கம் இடம்பெயர்ந்தது, நாங்கள் ஒரு பக்கம் இடம்பெயர்ந்தோம். இரண்டும் பிறகு சந்திக்கவில்லை.

வன்னியில் பெற்றோல் கிடைக்காத காலம். மாமாவின் மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. சேலைன் போத்தல் ஒன்றில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்பார். காபரேட்டருக்குள் நாலு சொட்டு விட்டு, உதைத்துக் கிளப்பி, இஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். போத்தல் பிடிப்பது என் வேலை. பிடித்துப் பிடித்தே மற்றதையும் பார்த்துக்கொண்டேன்.

ஒருநாள் மாமாவுக்கு மலேரியா. நடுங்கிக்கொண்டு கிடந்தவரைப் பின்னால் ஏற்றி, விழாமல் இருக்க அவருடைய சாரத்தால் என் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். எனக்குக் கால் தரைக்கு எட்டாது. நிற்க வேண்டுமென்றால் மரமோ மதகோ பார்த்து அதன் பக்கத்தில்தான் நிற்க முடியும். ஆஸ்பத்திரி வாசலில் ஒன்றும் அகப்படவில்லை. ஒரு மாட்டுவண்டியில் போய்ச் சாய்ந்தோம். வண்டிக்காரன் ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது. மாமா பிழைத்தார்.

அன்றிலிருந்து எந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தாலும் முதலில் அதன் உயரத்தைத்தான் பார்ப்பேன்.

வெள்ளிக்கிழமைகள்

கால் எட்டும் பைக் ஒன்றை முதலில் கண்டது குவைத்தில். நான் வேலைக்கு நின்ற வீட்டு மகனிடம் ஒரு பெரிய குரூசர் இருந்தது. அவன் அதை ஓட்டியதைவிட நான் அதைக் கழுவியதுதான் அதிகம். வெள்ளிக்கிழமை ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போன பிறகு வாளியும் துணியுமாக கராஜுக்குள் இறங்குவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஏறி இருந்து பார்த்தேன். சோப்புத் தண்ணீர் காலடியில் ஓடியது. பெற்றோல் தாங்கியின் கறுப்பில் என் முகம் அகன்று, தவளை முகம் மாதிரித் தெரிந்தது. இரண்டு கால்களும் தரையில். இறங்கி, இருக்கையை மறுபடி துடைத்துவிட்டுச் சமைக்கக் குசினிக்குப் போனேன். அவ்வளவுதான் நடந்தது. என் கடவுச்சீட்டு அந்த நேரம் வீட்டு மேடத்தின் மேசை லாச்சிக்குள் இருந்தது.

அத்தானும் ஸ்கூட்டரும்

திரும்பி வந்து வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் ஒட்டிக்கொண்டேன். காலையில் சமைத்து, மதியச் சாப்பாட்டைப் பார்சலாகக் கட்டி பம்பலப்பிட்டி வரை கந்தோர்களில் வேலை செய்கிறவர்களுக்குக் கொடுப்பேன். அதற்காக ஒரு ஸ்கூட்டர் வாங்கினேன். வாங்கியது நான். எழுதியது அத்தானின் பெயரில்.

"நீ இண்டைக்கு இஞ்சை, நாளைக்கு எங்கையோ. விலாசம் ஒண்டு வேணுமெல்லே? என்ர பேரில கிடக்கட்டும்," என்றார் அத்தான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மட்டக்களப்பில் ஒரு கலியாண வீட்டுச் சமையலுக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்தேன். ஸ்கூட்டர் நிற்கும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை இருந்தது.

அக்காவின் மகள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போக வேண்டியிருந்தது. அவசரம். விற்றுவிட்டார்கள். அத்தான் கெட்டவரல்ல. அன்று சாப்பாட்டில் என் சோற்றுக் கோப்பைக்கு மீன் குழம்பை அவரே இரண்டு தரம் ஊற்றினார். மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரிந்த வழி அது. நானும் சாப்பிட்டேன். அந்தப் பிள்ளை இப்போது நன்றாக இருக்கிறாள்.

அதன் பிறகு இரண்டு வருடம் பார்சல்களை பஸ்ஸில் கொண்டுபோனேன். காலி வீதி பஸ்களில் எதன் படி எவ்வளவு உயரம் என்று என் முழங்காலைக் கேளுங்கள்.

அந்த பஸ்களில் நின்றுகொண்டுதான் இரண்டு முடிவு எடுத்தேன். அடுத்த வண்டி, வீட்டில் வேறு யாரும் எடுத்துக்கொண்டு போகத் துணியாத அளவுக்குப் பாரமானதாக இருக்க வேண்டும். அது என் பெயரில் இருக்க வேண்டும். முதலாவது ஆசை. இரண்டாவது அப்படியல்ல. இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவதும் வேண்டாம் என்று நினைத்திருந்தேன்.

திறந்த பேப்பர்

ரிஸ்வானின் பைக்கை நான் உடனே கிளப்பவில்லை. முதலில் இஞ்சினைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது. பழைய பைக் விற்பவர்கள் ஆள் வரமுன் ஒருதரம் ஓட்டிச் சூடாக்கி வைப்பார்கள், பிறகு ஒரே உதையில் கிளம்பும். இவன் அந்த வேலை பார்க்கவில்லை. பிறகு ஒழுங்கையில் ஒருதரம் ஓட்டிப் பார்த்தபோது இரண்டாம் கியர் கொஞ்சம் ஒட்டியது. புகைக்குழாயில் துரு இருந்தது. சங்கிலி புதிது. பக்கத்துக்கு ஒரு தோல் பை தொங்கியது. இரண்டிலும் முப்பது பார்சல் அடங்கும் என்று கண்ணாலேயே அளந்தேன்.

மண்ணெண்ணெய்த் துணியால் சேஸியைத் துடைத்து இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டேன். சரியாக இருந்தது. உரிமையாளர் பெயர்தான் வேறு. ம. சேவியர், கொட்டாஞ்சேனை.

"இது ஆர்?"

"தெரியாக்கா. நான் எடுத்தது தெமட்டகொடையில ஒரு ஆள்ட்ட. அவர் வத்தளையில எடுத்த. எல்லாம் ஓபன் பேப்பர்ல."

கொழும்பில் பழைய வண்டி வாங்கியவர்களுக்கு இது தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விற்கிறவர் உரிமை மாற்றும் படிவத்தில் கையெழுத்து மட்டும் வைத்து, வாங்குகிறவர் பெயரையும் திகதியையும் வெறுமையாக விட்டுக் கொடுத்துவிடுவார். வாங்கியவர் நிரப்ப மாட்டார். அப்படியே அடுத்த ஆளுக்குக் கைமாற்றுவார். வண்டி பத்துப் பேரிடம் போகும், புத்தகத்தில் முதல் ஆளே இருப்பார். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். யாரும் அதைப் பிழையென்று நினைப்பதில்லை.

"உங்கட பேர எழுதினா பொறகு விக்கக் கஷ்டம் அக்கா. ஓபனா ஈந்தாத்தான் லேசி."

"நான் விக்க வாங்கேல்லைத் தம்பி."

படிவத்தைக் கொண்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போனேன். வரிசையில் அரை நாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் தாளைத் திருப்பித் தள்ளினார். படிவம் பழையது, இப்போது வேறு படிவம், உரிமையாளரைக் கூட்டிக்கொண்டு வா என்றார்.

ரிஸ்வானிடம் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான். ஒளிக்கவில்லை. "அக்கா, மாளிகாவத்தையில ஒரு ஆள் கேட்டீக்கிறார். அவருக்குப் பேப்பர் பிரச்சினை இல்ல. வெள்ளிக்கிழமை வரைக்கும் நிப்பாட்டி வெக்கிறன். அதுக்கு மேல வாப்பா ஏசுவார்."

அன்று செவ்வாய்க்கிழமை.

கொட்டாஞ்சேனை

புதன்கிழமை பார்சல்களைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். புத்தகத்தில் இருந்த விலாசம் மாடி வீடு ஒன்று. ஏறும்போது யாரோ வீட்டில் கருவாடு பொரிந்தது. கதவைத் திறந்தவர் எழுபதை எட்டும் மனிதர். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று பிறகு தெரிந்தது. முழங்காலில் பட்டி போட்டிருந்தார்.

வந்த விஷயத்தைச் சொன்னேன். பைக்கின் இலக்கத்தைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. "வாங்க, உள்ளுக்கு வாங்க. எப்படி இருக்குது? ரெண்டாவது கியர் இன்னும் ஒட்டுதா?"

"ஒட்டுது அண்ணை."

"ஒட்டும். கிளச்ச அமத்தி ஒரு மூச்சு பொறுக்கணும். அவசரப்பட்டா தராது."

கையெழுத்து என்றதும் முகம் மாறியது. முழங்கால் நோகிறது, திணைக்களம் வரை வர ஏலாது, அடுத்த மாதம் பார்ப்போம் என்றார். வெள்ளிக்கிழமைதான் கடைசி என்றேன். சீலிங்கைப் பார்த்தார்.

குசினிக்குள்ளிருந்து அவருடைய மனைவி பிலோமினா அக்கா தேத்தண்ணியோடு வந்தார். "குடுத்துத் தொலைங்களேன். வித்து எட்டு வருஷம். பொலிஸ்காரன் இன்னும் இந்த வீட்டுக் கதவத்தானே தட்டுறான். பக்கத்து வீட்டுக்காரி நான் கஞ்சா விக்கிறன்னு நெனைக்கிறா."

"பொலிஸ் ஏன் வருது?" என்றேன்.

"ஒண்ணுமில்ல," என்றார் சேவியர் அண்ணை. நாளைக்கு வாருங்கள் என்று சொல்லி என்னை அனுப்பிவிட்டார்.

எக்ஸ்ரே உறை

வியாழக்கிழமை போனபோது அவர் தனியாக இருந்தார். பிலோமினா அக்கா தேவாலயத்தில் நவநாள் பூசைக்குப் போயிருந்தார்.

"தங்கச்சி, ஒண்ணு காட்டுறன். அவகிட்டச் சொல்லக்கூடாது."

அலுமாரிக்கு மேலிருந்து ஒரு பெரிய எக்ஸ்ரே உறையை எடுத்தார். நெஞ்சுப் படம், முழங்கால் படம். அவற்றுக்கு இடையிலிருந்து கடிதங்கள் வந்தன. எல்லாம் பொலிஸ்காரன் கொண்டுவந்து கொடுத்த கடிதம். வீதிக் கமராவில் பிடித்தவை. இலக்கத்தைப் பார்த்து, புத்தகத்தில் இருக்கும் ஆளுக்குத்தானே அனுப்புவார்கள்? மருதானையில் வெள்ளைக் கோட்டைத் தாண்டியது. பொரளையில் சிவப்பு விளக்கு. பம்பலப்பிட்டியில் இடது பக்கத்தால் முந்தியது. சிலவற்றோடு கறுப்பு வெள்ளையில் படமும் இருந்தது. ஹெல்மெட் போட்ட ரிஸ்வானின் முதுகு. கீழே அந்த பைக்கின் பின்பக்கம்.

"பாருங்க, இந்தப் படத்துல பின்விளக்கு எரியல. அடுத்த மாசப் படத்துல எரியுது. மாத்தியிருக்கான். பையன் அவசரக்காரன், ஆனா வண்டியப் பாக்கிறான்."

"தண்டப்பணம்?"

"கட்டிட்டன்."

"நீங்களோ?"

"தபால் கந்தோர் கிட்டத்தானே."

அந்த மனிதர் தன் ஓய்வூதியத்திலிருந்து, முகமே தெரியாத ஒருவனுடைய தண்டங்களைக் கட்டிக்கொண்டிருந்தார். புத்தகம் தன் பெயரில் இருக்கும்வரை பைக் எங்கே போகிறது, எப்படி இருக்கிறது என்று அரசாங்கமே அவருக்கு எழுதிக்கொண்டிருந்தது. ஓய்வு பெற்ற வருடம் வாங்கி, முழங்கால் போனதால் இரண்டு வருடத்தில் விற்றது. கையெழுத்துப் போட்டால் அதன் பிறகு கடிதம் வராது.

எனக்கு நாக்கு நுனி வரை ஒரு பொய் வந்தது. மாளிகாவத்தை ஆள் பைக்கைக் கழற்றி உதிரிச் சாமானாக விற்கப் போகிறான் என்று சொன்னால் போதும். உடனே போட்டுத் தந்திருப்பார். நம்பியுமிருப்பார். அதனாலேயே சொல்ல முடியவில்லை.

ஸ்கூட்டர் கதையைச் சொன்னேன். சுருக்கமாக. பிளாஸ்டிக் கதிரை வரை.

"அண்ணை, எனக்கு ஐம்பது வயசாகப் போகுது. ஒரு வீடு, ஒரு துண்டுக் காணி, ஒரு சைக்கிள், ஒண்டும் என்ர பேரில இருந்ததில்லை. இதை நான் ஓபன் பேப்பரில எடுக்க மாட்டன். நீங்கள் போடாட்டி விட்டிட்டுப் போயிடுவன். கோவிக்க மாட்டன்."

அவர் ஒரு படத்தை எடுத்துக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

"நீங்க வெள்ளைக் கோட்ட மிதிப்பீங்களா?"

"மாட்டன்."

"அதுதான் நெனச்சன்," என்றார் கவலையோடு.

கதவு திறந்த சத்தம் எங்கள் இருவருக்கும் கேட்கவில்லை. பிலோமினா அக்கா முக்காட்டை இறக்கியபடி மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு தாளாக எடுத்தார். தபால் கந்தோர் முத்திரையைத் தடவிப் பார்த்தார்.

"இதுக்குத்தானா பென்ஷன் ஃபோம் குடுக்கணும்னு மாசா மாசம் தபால் கந்தோருக்கு நொண்டிக்கிட்டுப் போனீங்க?"

சேவியர் அண்ணை முழங்காலைத் தடவினார்.

"மக கல்யாணங் கட்டிப் போனப்பகூட இந்த மனுஷன் அழல தங்கச்சி. இத வித்த அன்னைக்கு ராவைக்குச் சாப்பிடல." அக்கா ஒரு கதிரையை இழுத்து இருந்தார். சத்தம் குறைந்தது. "எட்டு வருஷமா பேர வெச்சுக்கிட்டு என்ன செஞ்சீங்க? ஒருநா அதுல ஏறினீங்களா? இந்தப் பிள்ள ஏறப் போறா. உடுங்க."

நான் அழுத்திக் கேட்டிருந்தால் அவர் மறுத்திருப்பார் என்று நினைக்கிறேன். அக்கா "உடுங்க" என்றது அழுத்தமாக இல்லை. பிள்ளையின் கையிலிருந்து எதையோ மெல்ல எடுப்பது போல இருந்தது.

"நாளைக்கு எத்தன மணிக்கு?" என்றார் அண்ணை.

வெள்ளிக்கிழமை

பைக்கைத் திணைக்களத்துக்குக் கொண்டுபோக ரிஸ்வான் திறப்பைத் தந்தான். முழுப் பணமும் அவன் கையில் இன்னும் போய்ச் சேரவில்லை. "ஓடிர மாட்டீங்களே அக்கா?" என்றான். "ஓடுறதெண்டால் பார்சல் சட்டிகளை உன்ர வீட்டில வைச்சிட்டு ஓடுறன்," என்றேன்.

கொட்டாஞ்சேனையில் சேவியர் அண்ணை வாசலில் நின்றார். தேய்த்த சேர்ட், பொலிஷ் பண்ணிய சப்பாத்து. என்னை இறங்கச் சொல்லிவிட்டு பைக்கைச் சுற்றி நடந்தார். தாங்கியில் ஒரு தட்டுத் தட்டினார். சேர்ட் பையிலிருந்து லேஞ்சியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்து, கோணத்தைத் தன் கண்ணுக்குச் சரிசெய்தார். திறப்பைக் கேட்டு வாங்கித் தானே கிளப்பினார். காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு, "ம். இப்ப ஓட்டுங்க," என்று என் பின்னால் ஏறிக்கொண்டார். முதலாளிமார் ஏறுவது போல ஏறினார். புருஷனை நம்பாமல் பிலோமினா அக்கா முச்சக்கர வண்டியில் பின்னால் வந்தார்.

வழி முழுக்க அவர்தான் ஓட்டினார். கைபிடி மட்டும் என்னிடம் இருந்தது. "இடம் விடுங்க. இப்ப மூணு. பஸ்காரன நம்பாதீங்க." பொரளையில் சிவப்பு விளக்கு. நான் கோட்டுக்கு இரண்டடி முன்னாலேயே நிறுத்தினேன். பின்னாலிருந்து ஒரு பெருமூச்சுக் கேட்டது.

வரிசை நீளம். நாங்கள் மூவரும் ஒரு மர வாங்கில் இருந்து, அக்கா கொண்டுவந்த மீன் வைத்த மாலு பணிஸைச் சாப்பிட்டோம். முறை வந்ததும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அண்ணையிடம் அடையாள அட்டையை வாங்கினார். படிவத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். அண்ணை பேனையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பின்னால் நின்றவர் இருமினார். அண்ணை போட்டார். துறைமுகத்துக் கந்தோர்க்காரரின் கையெழுத்து, கடைசி எழுத்துக்கு ஒரு நீள வால்.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, யாருடைய பெயருக்கு என்று சிங்களத்தில் கேட்டார்.

"மகே நமட்ட," என்றேன். என் பெயருக்கு.

கணவர் வரவில்லையா என்று கேட்பார் என்று எதிர்பார்த்துப் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. பெயரின் எழுத்துக்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தட்டினார். புத்தகம் பிறகு தபாலில் வரும் என்று சொல்லி ஒரு தாளைத் தந்தார். இன்னும் சூடு ஆறாத தாள். வாசித்துப் பார்த்தேன். இங்கிலீஷை நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவள், நேரம் எடுக்கும். பெயர் சரியாக இருந்தது. விலாசமும் சரி. பின்னால் நின்றவர் மறுபடி இருமினார்.

வெளியே வந்தோம். மதிய வெயில். நூறு பைக்குகளுக்கு நடுவில் அது தாழ்ந்து நின்றது. பிலோமினா அக்கா முச்சக்கர வண்டியை மறிக்கப் போனார். சேவியர் அண்ணை பைக்கின் பக்கத்தில் போய் நின்றார். காலையில் தாங்கியைத் தட்டியவர், கண்ணாடியைத் தன் கண்ணுக்குத் திருப்பியவர், இப்போது கைகள் இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி," என்றார். "நான் இதுல ஏறலாமா?"

யாரும் என்னிடம் அப்படிக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. எப்படிச் சொல்வது என்று யோசிக்க வேண்டியிருந்தது. தாளை நான்காக மடித்துச் சட்டைக்குள் வைத்தேன். திறப்பை எடுத்தேன். கண்ணாடியை என் உயரத்துக்குத் திருப்பினேன். அவர் அவசரப்படாமல் காத்துக்கொண்டு நின்றார்.

"ஏறுங்கோ அண்ணை," என்றேன்.